கண்மாய் வறண்டால் பாடமும் வறண்டுவிடுமா?

கேள்வி: பேரையூர் வட்டத்தில், மலையடிவாரத்தில் உள்ள ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஆறு முதல் எட்டு வரை அறிவியல் எடுக்கிறேன். பெரும்பாலும் விவசாயக் கூலி வீட்டுப் பிள்ளைகள். சிலர் பளியர் பழங்குடிக் குடியிருப்பிலிருந்து வருகிறார்கள். ஊரையும் மலையையும் வைத்தே பாடம் நடத்தலாம் என்று ஜூன் மாதம் ‘எங்கள் ஊர், எங்கள் மண்’ என்று பன்னிரண்டு வாரத் திட்டம் போட்டேன். மூன்றாவது வாரம் கண்மாய்ப் பாடம். போய்ப் பார்த்தால் சொட்டுத் தண்ணீர் இல்லை, திரும்பி வந்துவிட்டோம். ஐந்தாவது வாரம் மூலிகை பற்றிப் பேச ஒப்புக்கொண்ட பளியர் பெரியவர் வரவில்லை. ‘எங்கள் குலதெய்வம்’ என்று கட்டுரை எழுதச் சொன்னதற்கு இரண்டு பெற்றோர் வந்து சத்தம் போட்டார்கள். தலைமை ஆசிரியரோ, “போர்ஷனை முடிங்கம்மா” என்கிறார். இப்படிப்பட்ட பாடத்தை நிலைமைக்குத் தக்கபடி வளைந்துகொடுக்கும் விதமாக எப்படித் திட்டமிடுவது?

— ஓர் ஆசிரியை

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு, வணக்கம்.

கடிதத்தோடு நீங்கள் வைத்திருந்த அட்டவணையையும் படித்தேன். முதல் வாரம் மண், அடுத்து பயிர், கண்மாய், சிறுதானியம், மூலிகை, திருவிழா என்று போகிறது. உழைத்துப் போட்ட திட்டம் என்பது தெரிகிறது. ஆனால் எந்த வாரம் எதைப் பார்ப்பது என்பதைத் தேதி போட்டுக் கட்டிவிட்டீர்கள். பிள்ளைகள் எதைக் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்பதை எங்கேயும் எழுதவில்லை. இறுக வேண்டியது தளர்ந்தும், தளர வேண்டியது இறுகியும் கிடக்கிறது. ஒரு வாரம் தவறியதும் மொத்தமும் சரிந்ததற்கு அதுதான் காரணம். மழையைக் குற்றம் சொல்ல வேண்டியதில்லை.

கண்மாயில் தண்ணீர் இல்லை என்று திரும்பி வந்துவிட்டோம் என்ற வரியைப் படித்தபோதுதான் ‘அடடா’ என்றிருந்தது. நிறைந்த கண்மாயைக் கரையில் நின்று வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவுதான். வறண்ட கண்மாயில் உள்ளே இறங்கலாம். மடையின் வாயைக் கையால் தொட்டுப் பார்க்கலாம். மிஞ்சிய நீர் வழிந்தோடும் கலிங்கின் மட்டத்துக்கும் உள்வாய்த் தரைக்கும் எத்தனை அடி என்று கயிறு பிடித்து அளக்கலாம். தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் எந்த இடத்தில் வந்து சேர்கிறது, அங்கே மண் மேடிட்டிருக்கிறதா, சீமைக்கருவேலம் எந்தப் பக்கம் அடர்ந்து நிற்கிறது, கரம்பை (வண்டல் மண்) அள்ளிய பள்ளங்கள் எங்கே என்று படம் வரையலாம். வெடித்துக் கிடக்கும் கரிசலில் குச்சியை விட்டு ஆழம் பார்த்தால் அதுவே ஒரு பாடவேளைக்குப் போதும். தண்ணீர் வந்துவிட்டால் இதில் ஒன்றுமே முடியாது.

ஆகவே தலைப்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு கேள்வியை வையுங்கள். ‘நம் கண்மாய்க்கு வர வேண்டிய தண்ணீர் எங்கே போகிறது?’ இதற்கு உங்களுக்கும் விடை தெரியாது, தலைமை ஆசிரியருக்கும் தெரியாது. டீக்கடையில் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். வரத்துக்கால் அடைபட்டிருக்கலாம். மேலே உள்ள கண்மாய் நிறைந்து மறுகால் (உபரி நீர்) பாயாமல் போயிருக்கலாம். மழையே குறைந்திருக்கலாம். வந்த நீர் நிலத்துக்குள் இறங்கியோ, வெயிலில் ஆவியாகியோ போயிருக்கலாம். ஒவ்வொன்றும் பிள்ளைகள் போய்ப் பார்த்துச் சரியா தப்பா என்று சொல்லக் கூடியது. மழை வந்தாலும் இந்தக் கேள்வியில் வேலை உண்டு, வராவிட்டாலும் உண்டு.

கேள்விக்குக் கீழே, ஆண்டு முடிவில் ஒவ்வொரு பிள்ளையும் செய்யத் தெரிந்திருக்க வேண்டியவை என்று நான்கை மட்டும் எழுதுங்கள்: அளந்து பதிவு செய்வது, அளவு போட்டு வரைபடம் வரைவது, பெரியவர்களிடம் கேட்டு அவர்கள் சொன்னதைச் சொன்னபடி எழுதுவது, இரண்டு பேர் சொல்வது முரண்பட்டால் எதை ஏன் ஏற்கிறேன் என்று காரணம் சொல்வது. கேள்வியும் இந்த நான்கும் மாறக் கூடாது. மற்ற எல்லாம் மாறலாம்.

மாறக் கூடியவற்றை அட்டவணையாகப் போடாதீர்கள். ஒவ்வொரு செயலையும் தனித்தனி அட்டையில் எழுதுங்கள். பழைய காலண்டர் அட்டை போதும். ஒரு பாடவேளையில் முடிய வேண்டும், மிஞ்சிப் போனால் இரண்டு. அட்டையின் மேல் மூலையில் ‘வறண்டபோது’, ‘நீர் உள்ளபோது’, ‘மழை பெய்த மறுநாள்’, ‘பெரியவர் வந்தால்’, ‘எப்போதும்’ என்று ஏதாவது ஒன்றைக் குறியுங்கள். அன்றைக்கு நிலைமை எப்படியோ அதற்கேற்ற அட்டையை எடுக்கலாம். பெரியவர் வரவில்லையா? ‘எப்போதும்’ கட்டிலிருந்து ஒன்று. நான் பார்த்தவரை இரண்டு அட்டைகளுக்கு மட்டுமே வரிசை முக்கியம். கண்மாய் வரைபடம் முதலில் வர வேண்டும். மழைமானி ஐப்பசிக்கு முன்பே தயாராகிவிட வேண்டும்.

மழைமானியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் பாடத்தின் உயிர் அதில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். கடையில் வாங்க வேண்டாம். அடியிலிருந்து வாய் வரை ஒரே அகலமாக உள்ள எந்தப் பாத்திரமும் மழைமானிதான். வாய் எவ்வளவு அகலம் என்பது பொருட்டே இல்லை. உள்ளே நிற்கும் நீரின் உயரத்தை ஸ்கேலில் மில்லிமீட்டராகப் படித்தால் அது மழையளவு. பிளாஸ்டிக் பாட்டிலின் தலையை வெட்டியும் செய்யலாம். அடிப்பகுதி குழிந்து வளைந்திருப்பதால் அந்த வளைவு மறையும் வரை தண்ணீர் ஊற்றி, அங்கே ஒரு கோடு போட்டு, அதைப் பூஜ்ஜியமாக வைத்துக்கொள்ளுங்கள். மரத்தடியிலும் ஓட்டுச் சாய்வுக்குக் கீழும் வைக்கக் கூடாது. வானிலைத் துறை காலை எட்டரை மணிக்கு அளவெடுக்கிறது. நீங்களும் அதே நேரத்தை வைத்துக்கொண்டால் அவர்கள் வெளியிடும் அளவோடு ஒப்பிடலாம். சனி, ஞாயிறுக்குப் பள்ளிக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒருவரிடம் பொறுப்பைக் கொடுத்துவிடுங்கள்.

இனி ஊர்க்கணக்குக்கு வருவோம். உங்கள் பக்கத்துச் சம்சாரிகள் (விவசாயிகள்) யாரும் மழையை மில்லிமீட்டரில் பேசுவதில்லை. “நேத்து ஒரு உழவு மழை”, “ரெண்டு உழவு மழை இருக்கும்” என்பார்கள். ஏர் இறங்கும் அளவுக்கு மண்ணுக்குள் ஈரம் போயிருந்தால்தான் அது ஓர் உழவு மழை. மழை பெய்த மறுநாள் பிள்ளைகள் மழைமானியையும் படிக்கட்டும். பள்ளிக்குப் பின்னால் ஒரு சாண் தோண்டி ஈரம் எதுவரை இறங்கியிருக்கிறது என்றும் அளக்கட்டும். வீட்டில் ஒரு பெரியவரிடம் நேற்று எத்தனை உழவு மழை என்றும் கேட்டு வரட்டும். ஒரே நோட்டில் மூன்று கட்டங்கள். பத்துப் பதினைந்து மழைக்குப் பிறகு வரைபடத் தாளில் புள்ளி வைத்தால் புள்ளிகள் ஒரு கோட்டில் நிற்காது. அந்த இடத்தில்தான் பாடம் தொடங்குகிறது. அரை மணி நேரம் கொட்டித் தீர்த்த மழை மானியில் அதிகமாகக் காட்டும். மண்ணுக்குள் அவ்வளவாக இறங்கியிருக்காது, ஓடிப் போயிருக்கும். ராத்திரி முழுக்கத் தூறிய மழை மானியில் குறைவாகவும் மண்ணில் அதிகமாகவும் இருக்கும். கரிசலில் ஒரு மாதிரி, செவலில் ஒரு மாதிரி. மானி அளப்பது வானத்திலிருந்து விழுந்ததை. சம்சாரி அளப்பது பயிருக்குக் கிடைத்ததை. இரண்டும் வெவ்வேறு அளவைகள், வெவ்வேறு தேவைகளுக்கு.

இதை நீங்கள் சொல்லிக் கொடுக்காதீர்கள். புள்ளிகள் ஏன் இப்படிச் சிதறிக் கிடக்கின்றன என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். இன்னொன்று: ‘தாத்தா சொன்னதை அறிவியல் நிரூபித்துவிட்டது’ என்ற தொனி வேண்டவே வேண்டாம். மரபுக்கு நற்சான்று கொடுக்கும் இந்தப் பழக்கம் பல செயல்திட்டங்களில் தலைகாட்டுகிறது. கேட்க இனிக்கும். ஆனால் மானியைத் தேர்வு நடத்துபவராகவும் தாத்தாவைத் தேர்வு எழுதுபவராகவும் அது உட்கார வைத்துவிடுகிறது.

கணிதத்தையும் இங்கேயே சேர்க்கலாம். ஒரு ஹெக்டேரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் பத்தாயிரம் லிட்டர். எட்டாம் வகுப்புப் பிள்ளையால் இதைப் போட முடியும். கண்மாயின் பரப்பு எவ்வளவு என்று கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள நிலக் கணக்கான அ-பதிவேட்டில் இருக்கும். நான்கு பிள்ளைகளை ஒரு விண்ணப்பத்தோடு அனுப்புங்கள், அதுவே தமிழ்ப் பாடத்தின் கடிதப் பயிற்சி. ஆயக்கட்டு (கண்மாய் நீரில் பாசனம் பெறும் நிலம்) நாற்பது ஹெக்டேருக்குக் குறைவாக இருந்தால் கண்மாய் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு, அதற்கு மேல் என்றால் நீர்வளத் துறையின் பொறுப்பு. வரத்துக்கால் அடைபட்டிருப்பதைப் பிள்ளைகள் கண்டுபிடித்தால் மனு யாருக்கு எழுத வேண்டும் என்பது இதிலிருந்து தெரிந்துவிடும். சமூக அறிவியலில் உள்ளாட்சி பற்றிப் படிப்பதைவிட இது நன்றாக மனத்தில் நிற்கும்.

ஆறு, ஏழாம் வகுப்புகளின் முப்பருவ முறை உங்களுக்குச் சாதகமானது. முதல் பருவத்தில் கண்மாய் பெரும்பாலும் வறண்டிருக்கும், ஆடிக்காற்று அடிக்கும். மதுரைப் பக்கம் ஆண்டு மழையில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில் பெய்வது. அது இரண்டாம் பருவம். மூன்றாவதில் அறுவடை, நீர் வற்றுதல், வற்றும்போது ஊத்தாவும் (மீன் பிடிக்கும் கூடை) வலையுமாக மீன் பிடிக்க இறங்குவது. பருவமழை பொய்த்துவிட்டால் ‘நீர் உள்ளபோது’ கட்டைப் பிரிக்காமலேயே வைத்திருந்து, மேலே உள்ள கண்மாய் வரை வரத்துக்காலோடு நடந்து போகும் அட்டைகளை எடுங்கள். தண்ணீர் வந்த பிறகு மட்டும் ஒரே கட்டாய விதி: பிள்ளைகள் கரையை விட்டு இறங்கக் கூடாது. கரம்பை எடுத்த பள்ளங்கள் தண்ணீருக்குள் தெரியாது.

பளியர் பெரியவர் வராதது பற்றி வருத்தமாக எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்கு அவருக்குக் கூலி வேலை இருந்திருக்கலாம். ஒரு பாடவேளைக்காக ஒரு நாள் சம்பளத்தை விட வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பது நியாயமில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசி அந்த நாள் கூலியையாவது கொடுக்க ஏற்பாடு செய்துவிட்டு, அவருக்கு எந்த நாள் தோது என்று கேட்டுக் கூப்பிடுங்கள்.

அதைவிட முக்கியமான விஷயம், நீங்கள் கேட்ட தலைப்பு. மூலிகையைப் பற்றி அவர் ஏன் நமக்குச் சொல்ல வேண்டும்? கேரளப் பக்கத்து அகத்தியமலையில் 1987-இல் நடந்ததைச் சொல்கிறேன். ஆய்வாளர்களுக்கு வழிகாட்டப் போன காணிப் பழங்குடியினர், நடையில் களைப்புத் தெரியாமல் இருக்க ஒரு செடியின் காயைத் தின்றார்கள். அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட அந்த ஆரோக்கியப்பச்சையிலிருந்து மருந்து தயாரித்து, 1995-இல் ஒரு மருந்து நிறுவனத்துக்குத் தயாரிப்பு உரிமம் தரப்பட்டது. வருமானத்தில் ஒரு பங்கு காணிகளுக்கு என்று ஒப்புக்கொள்ளப்பட்டது, அவர்களுக்காக ஓர் அறக்கட்டளையும் அமைந்தது. இந்தியாவில் பலன் பகிர்வுக்கு முன்னோடி என்று இதைச் சொல்கிறார்கள். ஆனாலும், ஒரு சிலர் சொன்னதை மொத்தக் குடியின் சம்மதமாக எடுத்துக்கொள்ளலாமா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் பல்லுயிரியம் பற்றிய மரபறிவு அந்தச் சமூகத்தின் உரிமை என்று வெளிப்படையாகவே சொல்கிறது. நிலைமை இப்படியிருக்க, எந்தச் செடி எந்த நோய்க்கு என்று சார்ட் எழுதிப் பள்ளிச் சுவரில் ஒட்டி, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பிள்ளைகள் அரைகுறையாகக் கேட்டுவிட்டு எதையாவது கடித்துப் பார்க்கும் ஆபத்து தனி.

என்ன பேசலாம் என்று அவரையே கேளுங்கள். தேனீ நல்ல தொடக்கமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. பாறையில் கட்டும் மலைத்தேனீ, பொந்துக்குள் அடை அடுக்கும் அடுக்குத்தேனீ, சிறு கிளையில் ஒற்றை அடை வைக்கும் கொம்புத்தேனீ, சுவர்ப் பொந்தில் இருக்கும் கொசுத்தேனீ. கடைசி இரண்டும் ஊருக்குள்ளேயே கிடைக்கும். பிள்ளைகள் தேடிக் கணக்கெடுக்கலாம். எந்தப் பூ எந்த மாதத்தில் என்பது மழை நோட்டோடு இணைந்துவிடும். அவர் சொன்னதை எழுதிய பிறகு அவரிடமே வாசித்துக் காட்டி, எதை வைத்துக்கொள்ளலாம், எதை அடித்துவிடலாம் என்று கேட்ட பிறகே சுவரில் ஒட்ட வேண்டும். மலைக்குள் பிள்ளைகளைக் கூட்டிப் போகும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். 2021 முதல் அந்தப் பக்கத்துக் காடுகள் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் வருகின்றன. வனத்துறை அனுமதியில்லாமல் நுழைவது உங்களுக்கும் வம்பு, உங்களோடு வரும் பளியர்களுக்கு இன்னும் பெரிய வம்பு. அடிவாரத் தோப்பு விளிம்பு போதும்.

வகுப்பில் உள்ள பளியர் பிள்ளையைப் பார்த்து, “நீ சொல்லுப்பா, உங்க ஆளுக எப்படித் தேன் எடுப்பாங்க?” என்று ஒருநாளும் கேட்காதீர்கள். அந்தப் பிள்ளை தானாகச் சொன்னால் சந்தோஷம். அலாஸ்காவின் பூர்வகுடி ஆசிரியர்கள் 1998-இல் தங்கள் பள்ளிகளுக்கென்று பண்பாட்டு நெறிகளை வகுத்தபோது மாணவருக்கு மட்டும் வகுக்கவில்லை. மாணவர், ஆசிரியர், பாடத்திட்டம், பள்ளி, சமூகம் என்று ஐந்து தரப்புக்கும் தனித்தனியே வகுத்தார்கள். பண்பாட்டைச் சுமக்கிற வேலையைப் பத்து வயதுப் பிள்ளையின் தலையில் மட்டும் வைக்கக் கூடாது என்று அதிலிருந்து நான் எடுத்துக்கொண்டேன். பெற்றோரோடு தோட்ட வேலைக்குப் போய்ச் சில வாரம் கழித்துத் திரும்பும் பிள்ளைகளுக்கு அட்டை முறை இன்னொரு விதத்திலும் உதவும். ‘ஆறாம் பாடம் போய்விட்டது’ என்ற பேச்சு இராது. சுவரில் உள்ள மழை நோட்டைப் பார்த்தால் நடந்தது தெரியும். கையில் கிடைக்கும் அட்டையிலிருந்து தொடங்கலாம்.

குலதெய்வக் கட்டுரைக்குப் பெற்றோர் சத்தம் போட்டதை மூடநம்பிக்கை என்றோ குறுகிய மனம் என்றோ எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வட்டாரத்தில் மாசி சிவராத்திரிக்கு எந்தக் கோயிலுக்குப் போகிறாய் என்று கேட்டால், அந்தப் பதிலே சாதியைச் சொல்லிவிடும். அதை எழுதி வகுப்பில் வாசிக்கச் சொன்னால் முப்பது பிள்ளைகளின் சாதியும் கரும்பலகையில் ஏறின மாதிரி. ‘தாத்தா என்ன தொழில் செய்தார்’ என்ற கேள்வியும் அப்படித்தான்; உங்கள் அட்டவணையின் எட்டாவது வாரத்தில் அதுவும் இருக்கிறது, எடுத்துவிடுங்கள். பதிலாக, ‘கடுங்கோடையில் உங்கள் வீட்டுக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது, யார் சுமந்தார்கள், எவ்வளவு தூரம்?’ என்று கேட்கலாம். பெரும்பாலான வீடுகளில் இதற்குப் பாட்டிமார்தான் பதில் சொல்வார்கள். உங்கள் அட்டவணையில் பேச அழைத்த அத்தனை பேரும் ஆண்கள் என்பதையும் கவனித்தேன்.

இந்தக் கேள்வியிலும் சாதி வரும். இந்த ஊருணியில் எங்களை மொள்ள விட்டதில்லை என்று ஒரு பாட்டி பேத்தியிடம் சொல்லியிருப்பார். பிள்ளை அதை எழுதிக்கொண்டு வந்தால் அடித்துத் திருத்தாதீர்கள். அதுவும் தண்ணீர் எங்கே போனது என்ற கேள்விக்கு விடையின் ஒரு பகுதி. வாசிக்கட்டுமா வேண்டாமா என்பதை அந்தப் பிள்ளையும் வீடும் முடிவு செய்யட்டும். ‘அந்தக் காலத்தில் ஊரே கூடிக் கண்மாயைக் காத்தது’ என்று பல கட்டுரைகளில் வரும் வரியை மட்டும் உங்கள் வகுப்பில் அப்படியே விடாதீர்கள். குடிமராமத்துக்கு (ஊரார் கூடிக் கண்மாயைச் செப்பனிடும் வேலைக்கு) யார் மண் சுமந்தார்கள், யார் நிலத்துக்கு முதலில் மடை திறந்தது, நடுராத்திரியில் தண்ணீர் பாய்ச்சப் போனவர் யார், அவருக்கு என்ன கூலி என்று கேட்டால் கண்மாயின் மேல் பிள்ளைகளுக்கு மதிப்புக் குறையாது, விவரம் கூடும்.

சிறுதானியம், திருவிழா இரண்டையும் இந்த ஆண்டு விட்டுவிடுங்கள். கூழ்ப்பானையும் வேட்டி சேலையுமாக நடக்கும் கண்காட்சி ஆண்டுவிழாவுக்கு அழகு, உங்கள் கேள்விக்கு அதில் ஒன்றும் இல்லை. குதிரைவாலி மட்டும், ஒரு உழவு மழைக்கு எது முளைக்கும் என்ற அட்டையில் தானாக உள்ளே வரும்.

தலைமை ஆசிரியரைப் பற்றி. அவர் கேட்பது நியாயம்தான், ஆய்வுக்கு வருபவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். பன்னிரண்டு வாரம் வேண்டும் என்று போய் நிற்காதீர்கள். வாரத்துக்கு இரண்டு பாடவேளை கேளுங்கள். ஒவ்வொரு அட்டையின் பின்புறமும் அது பாடநூலின் எந்தப் பாடத்தைத் தொடுகிறது என்று பென்சிலில் எழுதி வையுங்கள்: அளவீடு, நீர், மண், கன அளவு, உள்ளாட்சி. வளரறி மதிப்பீட்டின் செயல்பாட்டு மதிப்பெண்ணுக்குப் பிள்ளைகளின் மழை நோட்டையே கணக்கில் எடுக்கலாமா என்று கேளுங்கள். எப்படியும் ஏதோ ஒரு செயல்திட்டம் கேட்கத்தான் போகிறார்கள். அரசுப் பள்ளியில் இதெல்லாம் நடக்குமா என்று யாராவது கேட்டால், மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-இல் தொடங்கிய அறிவியல் திட்டத்தைச் சொல்லுங்கள். கிராமத்து நடுநிலைப் பள்ளிகளில், பக்கத்தில் கிடைத்த பொருள்களை வைத்துப் பிள்ளைகளே செய்து பார்த்துப் படித்தார்கள். புத்தகத்தைத் திறந்து வைத்துத் தேர்வு எழுதினார்கள். முப்பது ஆண்டு நடந்தது. அரசே 2002-இல் அதை நிறுத்தியது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள், அவர் எப்படியும் தெரிந்துகொள்வார்.

அறிவியல் சோதனைகளைச் செய்து காட்டும் அரசின் வானவில் மன்றக் கருத்தாளர் உங்கள் பள்ளிக்கு வரும்போது மண்ணில் நீர் இறங்கும் வேகத்தை அளக்கும் அட்டையை அவரோடு சேர்ந்து செய்யலாம், அடி வெட்டிய இரண்டு டப்பாவும் கடிகாரமும் போதும். மழைமானியைப் புரட்டாசி முடிவதற்குள் வைத்துவிடுங்கள். முதல் பத்து அட்டைகளை எழுதியதும் போட்டோ எடுத்து அனுப்பினால் பார்த்துச் சொல்கிறேன். எட்டாவது வாரத்துக்குப் பதிலாக என்ன வைத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.